நாய் எப்போ வரும்?

உங்களுக்கு ஜீனோவைத் தெரியுமா?

'யார் ஸார் அது, புதுமுகமா?' என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் அந்த ஓரமாக உட்காருங்கள். உங்களுக்கு அப்புறம் சொல்கிறேன். 'அடடே, நம்ம ஜீனோ!' என்று நிமிர்ந்தவர்களிடம்தான் முதல் பேச்சு. ஏனென்றால் உங்கள் எல்லோருக்கும் ஒரு மனக்குறை இருக்கிறது. கல்யாணச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டே, 'எல்லாம் நல்லாத்தான் இருந்தது, ஆனா அந்த வத்தக்குழம்பு மட்டும் நம்ம பந்திக்கு வரவேயில்லையே' என்று முணுமுணுப்பார்களே, அந்த ரகக் குறை. 2010 அக்டோபரிலிருந்து இருக்கிறது.

நான் இருப்பது விக்கிரவாண்டியில். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற பஸ்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் இரண்டே விஷயம்தான். ஒன்று டோல்கேட். இன்னொன்று, தூக்கத்தில் இறக்கிவிடப்பட்டு, இட்லி விலையைக் கேட்டதும் முழுசாக விழித்துக்கொள்ளும் ரோட்டோர ஓட்டல். இப்பேர்ப்பட்ட ஊரில் விஞ்ஞானக் கதைக்கு ரசிகர்களா என்று சிரிக்காதீர்கள். இருக்கிறார்கள். திண்டிவனத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக், முண்டியம்பாக்கம் பக்கத்தில் என் சொந்த சித்தப்பா என்று ஒரு மாசமாக நோட்டும் கையுமாக அலைந்து கேட்டு வந்தேன். கேள்வி ஒன்றுதான்: 'நீங்கள் படித்த கதை சினிமாவாக வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?'

இனி, ஓரமாக உட்கார்ந்தவர்களுக்கு.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய தொடர்கதை 'என் இனிய இயந்திரா'. கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். அதாவது, எழுதிய அன்றைக்கு எட்டாத தூரத்தில் இருந்து, இப்போது நாம் தாண்டியே வந்துவிட்ட வருஷங்கள். ஜீவா என்கிற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறார். பிறப்புக்கும் கணக்கு, இறப்புக்கும் கணக்கு. குழந்தை பெற்றுக்கொள்ள சர்க்கார் பர்மிஷன் தர வேண்டும். நிலா என்கிற இளம் மனைவிக்கு அந்த பர்மிஷன் கிடைக்கிறது; சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவி, மனோ என்று இரண்டு புரட்சிக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். ரவியோடு கூட வருகிறது ஜீனோ. இயந்திர நாய்க்குட்டி. பேசும், கிண்டலடிக்கும், நிலாவுக்கு யோசனை சொல்லும். போகப் போக, கதையில் இருக்கும் மனுஷர்கள் எல்லோரையும்விட அதற்குத்தான் புத்தி நிதானம் என்று தெரிந்துவிடும். ஹீரோ யார் என்று கேட்டால் வாசகர்கள் நாயைத்தான் கை காட்டினார்கள். அதனால்தான் அடுத்த பாகத்துக்குப் பெயரே 'மீண்டும் ஜீனோ'.

பெயர்களைக் கவனித்தீர்களா? நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா... எல்லாம் ரெண்டெழுத்து. அந்த ஆட்சியில் அவ்வளவுதான் அனுமதி. எங்கள் ஊர்ப் பெயரில் ஏழெழுத்து இருக்கிறது. ஜீவா கையில் கிடைத்திருந்தால் 'விவா' என்று வெட்டி போர்டு மாட்டியிருப்பார்.

சித்தப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டையை மேலே ஒட்டி பைண்டு பண்ணுகிற தலைமுறை. அவருடைய 'என் இனிய இயந்திரா'வின் அட்டையில் லட்சுமி படம் இருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது அதைத்தான் முதலில் படித்தேன். நடுவில் ரெண்டு அத்தியாயம் கிடையாது. அந்த வாரத்துப் புத்தகங்களை இரவல் வாங்கிப் போன பக்கத்து வீட்டு அக்கா, கல்யாணமாகிப் போகும்போது கூடவே எடுத்துப் போய்விட்டாராம். அந்த ரெண்டு அத்தியாயத்தை சித்தப்பாவே வாயால் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. ஒரு தடவை ஜீனோ நிலாவைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போகும்; இன்னொரு தடவை மொட்டைமாடி வழியாக. எனக்குத் தெரிந்து ஜீனோவுக்கு முதல் முதலில் திரைக்கதை எழுதியவர் அவர்தான்.

தூர்தர்ஷனிலும் இது தொடராக வந்தது. சித்தப்பா ஆசையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, இரண்டாவது வாரமே எழுந்து போய்விட்டாராம். "நடிச்சவங்க மேல தப்பில்லடா. நான் பத்து வருஷமா மனசுல ஒரு நாய் வளர்த்துக்கிட்டிருக்கேன். இவங்க வேற நாயைக் காட்டுறாங்க" என்றார். இந்த வாக்கியத்தை நான் கேட்ட அத்தனை பேரும் ஏதோ ஒரு வடிவத்தில் சொன்னார்கள். தொடர்கதை வாசகனுக்கு வாரத்துக்கு ஆறு நாள் வேலையே, அடுத்த அத்தியாயத்தை அவனே ஓட்டிப் பார்ப்பதுதானே. சினிமாக்காரர் வந்து சேருகிற நேரத்தில் அவன் தன் படத்தை நூறு நாள் ஓட்டி முடித்திருப்பான்.

சித்தப்பா அலமாரியில் இன்னொரு பைண்டும் உண்டு. 'விக்ரம்'.

இது தினுசே வேறு. கதை வந்து அப்புறம் படம் வரவில்லை. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. ஒரு பக்கம் கமல்ஹாசன் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு பக்கம் சுஜாதா குமுதத்தில் அதையே தொடராக எழுதுகிறார். ஓவியத்துக்குப் பதில் படத்தின் புகைப்படங்கள். அக்னிபுத்ரன் என்கிற ஏவுகணையைக் கடத்திவிடுகிறார்கள். அதை மீட்கப் போகிறவன் விக்ரம். நிஜத்தில் 'அக்னி' ஏவுகணையை முதன்முதலில் ஏவிப் பார்த்தது 1989 மே மாதம். படம் வந்தது 1986 மே 29. ஒரு கோடி ரூபாய் பட்ஜெட் என்று சொல்லி ஊரே வாயைப் பிளந்த காலம்.

திண்டிவனம் வாத்தியார் அந்தப் படத்தை முதல் வாரமே பார்த்தவர். பிஸிக்ஸ் பாடம் எடுத்தவர் வேறு. "தம்பி, நாங்க நாலு வாத்தியாருங்க பஸ் புடிச்சுப் போனோம். கம்ப்யூட்டரைக் காட்டப் போறாங்க, ராக்கெட்டைக் காட்டப் போறாங்கன்னு. காட்டினாங்க, இல்லேங்கல. அப்புறம் திடீர்னு சலாமியான்னு ஒரு ராஜ்யம். அங்க ராஜா, இளவரசி, எலிக்குக் கோயில். கம்ப்யூட்டருக்குன்னு டிக்கெட் வாங்கினோம், எலியைக் காட்டி அனுப்பிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்து, "ஆனா அந்த மொழிபெயர்ப்பாளரா வந்த ஜனகராஜை இன்னிக்கும் மறக்க முடியல" என்று சேர்த்துக்கொண்டார். திட்டுகிறவரும் எதையாவது பத்திரமாக வைத்திருக்கிறார் பாருங்கள்.

விழுப்புரம் மெக்கானிக்குக் கணக்கு நேர் எதிர். வயசு இருபத்துநாலு. 2022 ஜூனில் லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' வந்ததே, அதை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் பழைய படம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். "செம படம் சார். அந்த டைட்டில் பாட்டு இப்பப் போட்டாலும் நிக்குது. ஏன் சார் அப்ப ஜனங்க கொண்டாடல?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். அதற்கு ஒரு தொடர்கதை உண்டு என்றதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். கதை படிக்காத ரசிகனுக்கு ஏமாற்றம் என்பதே கிடையாது, கொடுத்து வைத்தவர்.

சுஜாதா வாசகர்களுக்கு ஏமாற்றம் புதிது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'ப்ரியா' லண்டனில் நடக்கிற கதை. 1978-ல் படமானபோது சிங்கப்பூர் ஆகிவிட்டது. ஆனால் அது துப்பறியும் கதை. ஊர் மாறினால் விமான டிக்கெட்தான் மாறும். விஞ்ஞானக் கதையில் ஒன்றை மாற்றினால் அஸ்திவாரத்தில் ஒரு செங்கல்லை உருவுகிற மாதிரி.

'எந்திரன்' கதைக்கு வருகிறேன். அதாவது எந்திரன் தயாரான கதைக்கு. ஷங்கர் முதலில் கமலையும் ப்ரீத்தி ஜிந்தாவையும் வைத்து 'ரோபோ' என்று ஆரம்பித்தார், நின்றுபோனது. பிறகு ஷாரூக் கான் பெயர் அடிபட்டது. 2007-ல் அதுவும் நின்றது. கடைசியில் ரஜினி. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். படம் வெளிவந்தது 2010 அக்டோபர் 1. வசனத்தில் சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி என்று மூன்று பெயர்கள். கதை ஷங்கருடையது. அதாவது, 'என் இனிய இயந்திரா'வைப் படமாக எடுக்கிறோம் என்று யாரும் துண்டுபோட்டுத் தாண்டவில்லை. வாசகர்கள்தான் சுஜாதா பெயரையும் 'எந்திர' என்ற நாலு எழுத்தையும் பார்த்துவிட்டு, வருவது நம்ம ஜீனோதான் என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். (இன்னொரு பக்கம் எழுத்தாளர் ஆரூர் தமிழ்நாடன், 1996-ல் 'இனிய உதயம்' இதழில் வந்த தன் 'ஜுகிபா' கதைதான் இந்தப் படம் என்று வழக்குப் போட்டார், சென்னை உயர் நீதிமன்றம் அந்த சிவில் வழக்கை 2023-ல் தள்ளுபடி செய்தது. ஒரு ரோபோவுக்கு எத்தனை பேர் உறவு கொண்டாடினார்கள் பாருங்கள்!)

நான் அப்போது பி.காம். முதல் வருஷம். சித்தப்பாவை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் பால் குடம், உள்ளே விசில். கொசுவைப் பிடிக்கிற காட்சியில் ஒரு கொசுவின் பெயர் ரங்குஸ்கி என்று வந்தது. சுஜாதாவின் செல்லப் பெயர் அது. எங்கள் வரிசையில் சித்தப்பா ஒருத்தர்தான் சிரித்தார். பக்கத்து ஸீட்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இடைவேளையில் முறுக்கை உடைத்துக்கொண்டே சித்தப்பா கேட்டார்: "ஏண்டா, நாய் எப்போ வரும்?"

வரவில்லை.

படம் முடிந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் பேசவில்லை. பிறகு, "ரஜினி அபாரம்டா. அந்தக் கெட்ட ரோபோவா வந்து சிரிக்கிறாரே, அது யாரால முடியும்! நாய் இல்லேன்னாலும் பரவால்ல. ஆனா ஜீவா எங்கடா?" என்றார்.

எனக்கு அன்றைக்கு அது பெரிசாகப் படவில்லை. படித்தது காமர்ஸ் ஆயிற்றே, பிறகு ஒரு நாள் பற்று வரவு எழுதிப் பார்த்தேன். கதையிலிருந்து படத்துக்கு வரவு: மனுஷனைவிட மனுஷத்தன்மையாகப் பேசுகிற ஒரு இயந்திரம். செலவு: நாய்க்குட்டி, நிலா, பர்மிஷன் வாங்கிப் பெறும் குழந்தை, ரெண்டெழுத்துப் பெயர், காணாமல் போகிறவர்கள், சர்வாதிகாரி, மொத்த சர்க்கார். படத்தில் ரோபோ காதலித்துக் கெட்டுப்போகிறது. கதையில் கெட்டுப்போவது ஆட்சி. இயந்திரம் மட்டும்தான் யோக்கியம். பாலன்ஸ் ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கிறது.

இது நமக்கு மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவில் பிலிப் கே. டிக் என்கிறவர் 1968-ல் ஒரு நாவல் எழுதினார். நிஜ மிருகங்கள் அபூர்வமாகிவிட்ட காலம். கதாநாயகன் மொட்டைமாடியில் ஒரு மின்சார ஆட்டை வளர்க்கிறான், அது நிஜம் இல்லை என்று அக்கம்பக்கத்தில் தெரியக் கூடாதே என்று பயப்படுகிறான். 1982 ஜூனில் அது 'பிளேட் ரன்னர்' என்ற படமாக வந்தது. ஆட்டைக் காணோம்! டிக்கும் இல்லை, படம் வெளிவர மூன்று மாதம் இருக்கும்போது, மார்ச்சில் காலமாகிவிட்டார். அவர்களுக்கு ஆடு, நமக்கு நாய். எழுத்தாளர் கண்ணை மூடியதும் முதலில் அவிழ்த்து விடப்படுவது வளர்ப்புப் பிராணிதான் போலிருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் நாவலின் கேள்வி இருந்தது: யார் மனுஷன், யார் இயந்திரம்? ஆடு போனதை மன்னித்துவிட்டார்கள்.

நம்ம கதையின் கேள்வி என்ன? இங்கே ஒரு எச்சரிக்கை. கதையின் முடிச்சை அவிழ்க்கப் போகிறேன். படிக்காதவர்கள் இந்த ஒரு பாராவைத் தாண்டிக் குதித்துவிடலாம்.

ஜீவா என்று ஒருத்தர் கிடையவே கிடையாது. ஜனங்கள் பார்த்துப் பார்த்துக் கும்பிடுகிற, பயப்படுகிற அந்தத் தலைவர் வெறும் ஹோலோகிராம். ஒளியால் செய்த பிம்பம். பின்னால் இருந்து யாரோ ஓட்டுகிறார்கள். இதைத்தான் சித்தப்பா 'ஜீவா எங்கடா' என்று கேட்டார். என் கட்சி இதுதான்: தமிழ் சினிமா இந்தக் கதையிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கும், ஜீவாவை எடுக்காது. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற தியேட்டரில், 'நீங்கள் கும்பிடுகிற முகத்துக்குப் பின்னால் ஆளே இல்லை' என்று எப்படி ஸார் சொல்ல முடியும்? அப்படியே சொல்லத் துணிந்தாலும், இல்லாத ஆளாக நடிக்க எந்த ஸ்டார் கால்ஷீட் தருவார்?

சினிமா எடுக்காவிட்டால் என்ன, வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள். 2012 குஜராத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் நரேந்திர மோடி ஹோலோகிராமாக ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் நின்றார். 2024-ல் மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவு தயவில் வீடியோவில் வந்து பேசினார். அதே வருஷம் மறைந்த ஜெயலலிதாவின் குரலும் அப்படியே வந்தது. எந்தக் கட்சியும் குறை வைக்கவில்லை. அதே 2024 அக்டோபர் 27 அன்று எங்கள் விக்கிரவாண்டி வி.சாலையில் நடிகர் விஜய் தன் கட்சியின் முதல் மாநாட்டை நடத்தினார். அன்றைக்கு ஆள் ஏற்றி வந்த வேன் டிரைவர் ஒருத்தரிடம், "தலைவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாத்தேன் சார். ஆனா நேர்ல இல்ல. எனக்கும் மேடைக்கும் நடுவுல அம்புட்டுக் கூட்டம், திரையிலதான் தெரிஞ்சுது. அப்புறம் ஊட்டுக்குப் போயி டிவில போட்டாங்க, அதுல நல்லாத் தெரிஞ்சாரு" என்றார். அவர் நிஜ ஆள்தான், வந்ததும் நிஜம்தான். இருந்தாலும் பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவருக்குக் கிடைத்தது பிம்பம்தான் என்பது என்னை என்னவோ செய்தது.

கதையில் இருந்து மற்றதும் மெல்ல மெல்ல வந்துகொண்டுதான் இருந்தது. நாட்டின் முதல் ஆதார் எண் மகாராஷ்டிராவில் ஒரு கிராமத்தில் கொடுக்கப்பட்டது 2010 செப்டம்பர் 29. எந்திரன் ரிலீஸுக்கு சரியாக இரண்டு நாள் முன்பு. மக்களைக் கணக்கில் வைக்கிற சர்க்காரைப் படம் கழற்றி வைத்த அதே வாரம் எண் வந்து சேர்ந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் எங்கள் டோல்கேட்டிலும் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கார் கண்ணாடியைப் பார்த்தே இயந்திரம் ஆளை அடையாளம் கண்டு கதவைத் திறக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை பதியாத கிழவிகள், பத்துப் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிறார்களே, அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிலா ஞாபகம்தான். 'நான்தான் நான்' என்று ஒரு மெஷினிடம் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய வாழ்க்கை.

எதிர்க்கட்சிக்கும் இடம் தர வேண்டும். எங்கள் தெருவில் இன்ஜினீயரிங் படிக்கும் பெண் ஒருத்தி. எந்திரனைச் சின்ன வயசில் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் எடுத்தாளாம். "அண்ணா, நீங்க எல்லாம் படத்துல என்ன இல்லேன்னே பாக்கறீங்க. எங்களுக்கு ரோபோன்னா என்னன்னு சொன்னதே அந்தப் படம்தான். கடைசியில கோர்ட்டு சொல்லி சிட்டி தன்னைத் தானே கழட்டிக்கிறப்ப நான் அழுதேன், தெரியுமா? அப்புறம்தான் யார் எழுதினதுன்னு தேடி லைப்ரரியில அந்தப் புக்கை எடுத்தேன்" என்றாள். அவள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. லைப்ரரியில் இருக்கிற ஒரே பிரதி முதுகு பிய்ந்து, செலோடேப் சுற்றிக் கிடக்கிறது. சினிமா பார்த்துவிட்டு வந்து கேட்டவர்கள்தான் அதைப் பாதி பிய்த்தவர்கள் என்றார் நூலகர். அதை நான் வரவில் வைத்துக்கொள்கிறேன்.

அவளே ஒரு சங்கதியையும் பிடித்துக் கொடுத்தாள். 2018-ல் வந்த '2.0' படத்தில் எமி ஜாக்சன் பெண் ரோபோவாக வருவார். அந்த ரோபோவுக்குப் பெயர் நிலா. "புக்ல நிலாங்கறது மனுஷி, ஜீனோ மெஷின். படத்துல ஜீனோ இல்ல, நிலாவே மெஷினாயிட்டா! பாவம் இல்லையாண்ணா?" என்று கேட்டாள். முப்பது வருஷமாக சுஜாதா படிக்கிற திண்டிவனம் வாத்தியாருக்குக்கூட இது தோன்றவில்லை. போனில் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தப் பொண்ணை ஒரு நாள் கூட்டிட்டு வா தம்பி" என்றார்.

போன மாசம் 'என் இனிய இயந்திரா' அச்சுப் புத்தகம் ஒன்று வாங்கி, சித்தப்பாவிடம் கொண்டு போனேன். கண்ணில் புரை, படிக்க முடியாது. அந்த விட்டுப்போன ரெண்டு அத்தியாயத்தையும் நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பின்வாசலும் இல்லை, மொட்டைமாடியும் இல்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா நான் சொன்ன மாதிரி இல்லியேடா!"